ஆறாவது ரீல்: 1945-ல் பாதியில் நின்ற ஆவணப்படம் வீட்டுத் திரைக்கு வந்த வழி

1952-ல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு ஒரு படத்தின் மிச்சங்கள் வந்து சேர்ந்தன. ஆறு ரீல்களாகத் திட்டமிட்ட படம் அது. வந்ததோ ஐந்து ரீலுக்கான, ஒலியில்லாத கச்சாத் தொகுப்பு. கூடவே தொகுக்கப்படாத காட்சிகள் 100 ரீல், வர்ணனை உரை, முழுப் படத்துக்குமான ஷாட் பட்டியல். எஃப் 3080 என்ற கோப்பு எண்ணாலேயே அது நெடுங்காலம் அறியப்பட்டது. நாஜி வதை முகாம்கள் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ், அமெரிக்க, சோவியத் ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளைக் கோத்து, ஜெர்மன் மக்களிடம் சான்றாகக் காட்ட பிரிட்டிஷ் அரசு தொடங்கிய படம். 2008-ல் அருங்காட்சியகம் மீட்டெடுப்பைத் தொடங்கியது. 2014 பெர்லின் திரைப்பட விழாவில் ஆறு ரீலும் சேர்ந்த படம் ‘ஜெர்மன் கான்சன்ட்ரேஷன் கேம்ப்ஸ் ஃபேக்சுவல் சர்வே’ என்ற தலைப்போடு திரையேறியது. 2017-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அதை ப்ளூரேயாகவும் டிவிடியாகவும் வெளியிட்டது.

பழைய கதைப்படம் ஒன்றை மீட்கும்போது ஒரு கீறலைச் சற்று அதிகமாகவே அழித்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்தப் படத்தில் வருவார்கள். இன அழிப்பே நடக்கவில்லை என்று வாதிடும் கூட்டம், மாற்றப்பட்ட ஒரே ஒரு ஃப்ரேம் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் படமும் ஜோடிப்பு என்று சொல்லும். ஆகவே ஆவணப்படம் சர்ச்சைக்குரியதாக இருந்தால் மீட்பவரின் முதல் வேலை படத்தை அழகாக்குவது அல்ல. பழுது பார்த்தது எது, மாற்றியது எது என்பதற்கு நடுவே சுவர் எழுப்புவதும், அந்தச் சுவரைப் பார்வையாளருக்குக் காட்டுவதும்தான். இந்தக் கட்டுரை அந்தச் சுவர் எந்தெந்த இடத்தில் சாய்கிறது என்பதைப் பற்றியது.

படம் ஏன் நின்றது

1945 ஏப்ரல் 15 அன்று பெர்கன்-பெல்சன் முகாம் பிரிட்டிஷ் படையிடம் வந்தது. நேச நாட்டுத் தலைமையகத்தின் உளவியல் போர்ப் பிரிவில் படத்துறையைக் கவனித்துவந்த சிட்னி பெர்ன்ஸ்டீன் ஏப்ரல் 22-ல் அங்கே போய்ப் பார்த்தார். ராணுவ ஒளிப்பதிவாளர்கள் எடுத்தது எல்லாம் ஊமைப்படம். ஒலியோடு பதிவு செய்யும் கேமராவை வரவழைத்து, அதிகாரிகளும் நாஜிகளின் எஸ்.எஸ். படைக் காவலர்களும் உயிர் தப்பியவர்களும் தங்கள் வாயால் பேசுவதைப் பதிவு செய்ய ஏற்பாடானது. ஸ்டூவர்ட் மெக்கலிஸ்டரும் பீட்டர் டானரும் தொகுத்தார்கள். வர்ணனையை ரிச்சர்ட் கிராஸ்மனும் காலின் வில்ஸும் எழுதினார்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஏறக்குறைய ஒரு மாதம் ஆலோசகராக இருந்தார்.

வேலை இழுத்துக்கொண்டே போக, ஜூலையில் அமெரிக்கா விலகிக்கொண்டது. பில்லி வைல்டரின் மேற்பார்வையில் அது தனியே தயாரித்த 22 நிமிடப் படம் 1946 ஜனவரியில் ஜெர்மனியில் காட்டப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கோ அதற்குள் ஜெர்மானியரின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. குற்ற உணர்வைக் கிளறும் படத்தைவிட மறுசீரமைப்பு அவசரமாகிவிட்டது. செப்டம்பரில் கச்சாத் தொகுப்பு ஒருமுறை திரையிடப்பட்டதோடு எல்லாம் நின்றது. ஐந்து ரீல் தொகுப்பு 1984-ல் பெர்லினில் காட்டப்பட்டது. 1985-ல் டிரெவர் ஹோவர்டின் குரலோடு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆஷ்விட்ஸ், மைடானெக் முகாம்கள் இடம்பெற வேண்டிய ஆறாவது ரீல் அதில் இல்லை. முப்பது ஆண்டு காலம் பலர் கண்ட வடிவம் அதுதான்.

67 விநாடி

பிரிட்டிஷ் ராணுவப் படப்பிரிவு பயன்படுத்தியவற்றுள் முக்கியமானது 35 மி.மீ. டிவ்ரை கேமரா. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் விசையில் ஓடும். ஒரு சுருள் 100 அடி. ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், ஆக 1,600 ஃப்ரேம். விநாடிக்கு 24 வீதம் கணக்கிட்டால் 67 விநாடி. அதற்கு முன்பே ஸ்பிரிங் தளர்ந்துவிடும். இவ்வளவு குறைந்த படச்சுருளில், வெட்டாமல் நீளமாக ஒரு ஷாட் எடுப்பது எளிய முடிவல்ல. ஆனாலும் எடுத்தார்கள்: குழியின் ஓரத்தில் வரிசையாக நிற்கவைக்கப்பட்ட உள்ளூர் ஜெர்மன் அதிகாரிகளின் முகங்களில் தொடங்கி, கேமரா மெல்லத் திரும்பி, அதே ஷாட்டில் குழிக்குள் இறங்கும். நடுவில் வெட்டு இல்லை என்பதே சாட்சி. பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்ததற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நீண்ட ஷாட்களையே தேடிச் சேர்க்கும்படி ஹிட்ச்காக் வலியுறுத்தியதாக டானர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். போலி என்ற குற்றச்சாட்டு வரும் என்று அப்போதே எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ஷாட்டின் நடுவே மூன்று ஃப்ரேம் கிழிந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மென்பொருள் முன்பின் ஃப்ரேம்களை ஒப்பிட்டு, நகர்வைக் கணித்து, இல்லாத மூன்றையும் வரைந்து தந்துவிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கதைப்படத்தில் அது நல்ல சேவை. இங்கே அது கூடாது. இல்லாத ஃப்ரேமைக் கணினி வரைந்த கணத்தில், வெட்டில்லை என்ற அந்த ஷாட்டின் ஒரே வலிமை போய்விடுகிறது. குதிப்பு குதிப்பாகவே இருக்கட்டும். ஒலியோடு ஒத்திசைய நீளம் மாறக்கூடாது என்றால், முந்தைய ஃப்ரேமையே திருப்பிப் போட்டு, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். மூன்று ஃப்ரேம் என்பது எட்டில் ஒரு பங்கு விநாடி. பார்வையாளர் ஒரு சிறு தடங்கலைத்தான் உணர்வார்.

எந்தப் பழுது யாருடையது

படச்சுருளைத் தொடுமுன் அளக்க வேண்டும். அந்தக் காலத்து 35 மி.மீ. சுருள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட். தீப்பற்றினால் தண்ணீரிலும் அணையாது. நாளாக ஆகச் சுருங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூளாகும். ஓரத் துளைகளில் 100 இடைவெளியின் நீளம் ஏறக்குறைய 475 மி.மீ. இருக்க வேண்டும். 470-க்கு இறங்கினால் 1 சதவீதம் சுருங்கிவிட்டது என்று பொருள். பல்சக்கரத்தில் ஓட்டினால் துளை கிழியும். பல் இல்லாத உருளைகளில் ஓடும் ஸ்கேனர்தான் வழி. சுருக்கம் ஒரே சீராக இருப்பதும் இல்லை. சுருளின் வெளிச்சுற்று அதிகமாகவும் மையம் குறைவாகவும் சுருங்கியிருந்தால் ஒரே ரீலில் தொடக்கம் ஆடும், நடுப்பகுதி நிற்கும். ரீலின் தலை, நடு, வால் என்று மூன்று இடத்திலாவது அளந்து குறித்துக்கொள்வது பிறகு வரும் பல தகராறுகளைத் தவிர்க்கும்.

பழுதுகளை மூன்று வகையாகப் பிரிக்காமல் ஒரு ஃப்ரேமைக்கூடச் சுத்தம் செய்யத் தொடங்கக்கூடாது. கேமராவுக்குள் ஏற்பட்டவை முதல் வகை: ஒளி நுழையும் சாளரத்தில் சிக்கிய முடி, சுருளை மாற்றும்போது வெளிச்சம் பட்டு வெளுத்த ஓரம், ஸ்பிரிங் தளர்ந்து வேகம் மாறியது. ஆய்வகத்திலும் தொகுப்பு மேசையிலும் சேர்ந்தவை இரண்டாவது: ஒட்டு, மெழுகுப் பென்சில் கோடு, பிரதி எடுத்தபோது படிந்த அழுக்கு. சேமிப்பில் வந்தவை மூன்றாவது: சுருக்கம், பூஞ்சை, ஓட்டி ஓட்டி விழுந்த கீறல். முதல் வகையைத் தொடவே கூடாது. அந்த இடத்தில் ஒரு மனிதர் கேமராவோடு நின்றார் என்பதற்கு அந்த முடியும் ஒரு சாட்சி. மூன்றாவதைத் தாராளமாகச் சரிசெய்யலாம். நடு வகையில்தான் வாதம் வரும். பிரதியெடுப்பில் படிந்த தூசியை எடுப்பதில் தவறில்லை. ஆனால் வெட்டின் விளிம்பில் தெரியும் ஒட்டைப் பூசி மறைத்தால் வெட்டு எங்கே இருந்தது என்ற தகவல் போய்விடும். முழுப் படத்துக்கும் ஒரே விதியை எழுதி வைத்து, எல்லா ரீலுக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

எந்தத் தலைமுறையில் (மூல நெகட்டிவிலா, பிரதியிலா, பிரதியின் பிரதியிலா) அழுக்கு சேர்ந்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நெகட்டிவ் மேல் இருந்த தூசி ஒளியைத் தடுக்கும், அதனால் அதிலிருந்து எடுத்த பிரதியில் வெள்ளைப் புள்ளியாக வரும். பிரதியின் மேலேயே படிந்த தூசி கறுப்பாகத் தெரியும். ஒரே ஷாட்டில் இரண்டும் இருந்தால், அது நடுவில் குறைந்தது ஒரு பிரதி கடந்து வந்தது. இப்படிப்பட்ட தொகுப்புப் படத்தில் ஒரு ஷாட் முதல் நெகட்டிவிலிருந்தும் அடுத்தது நான்காம் தலைமுறைப் பிரதியிலிருந்தும் வரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே ஒளி-இருள் வேறுபாடு, ஒரே கிரெயின் (படச்சுருளின் துகள் மணல்போல் தெரிவது) என்று சமப்படுத்த எந்த வண்ண நிபுணருக்கும் கை துறுதுறுக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும்தான். ஆனால் மூன்று நாட்டுக் கேமராக்கள் தனித்தனியே ஒரே உண்மையைப் பதிவு செய்தன என்பதைக் கண்ணே உணரும்படி செய்வது அந்த வேறுபாடு. கண்ணை உறுத்தாத அளவுக்கு ஷாட்களின் வெளிச்சத்தை ஒத்துப்போகச் செய்தால் போதும், கிரெயினில் கை வைக்க வேண்டாம்.

இயந்திரம் எதைத் தின்றது

ஸ்கேன் செய்யும்போது கருப்பு-வெள்ளைப் படத்தில் ஒரு வசதி கிடையாது. வண்ணப் படத்தில் அகச்சிவப்புக் கதிர் சாயத்தை ஊடுருவிப் போய்த் தூசியை மட்டும் காட்டிக்கொடுக்கும். கருப்பு-வெள்ளையில் பிம்பமே வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் தடுத்துவிடும். எனவே அந்த முறை இங்கே பயன்படாது. மிச்சம் இரண்டு வழி. ஒன்று, படத்தின் அடித்தளத்தின் ஒளிவிலகலுக்கு நெருக்கமான திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்வது. அடித்தளப் பக்கக் கீறல்களைத் திரவம் நிரப்பிவிடும். வெள்ளி உரிந்துபோன கீறலை அது மறைக்காது. இன்னொன்று மென்பொருள்.

தூசி நீக்கும் மென்பொருளின் தர்க்கம் நேரானது: ஒரே ஒரு ஃப்ரேமில் தோன்றி முன்னும் பின்னும் இல்லாதது தூசி. மேகம் தெளிந்த நாளில் ஒரு தெருக் காட்சிக்கு இது சரி. இந்தக் காட்சிகளில் ஈ பறக்கிறது. தொற்று பரவாமலிருக்கப் பெல்சன் குடிசைகளைத் தீவைத்து அழித்தபோது, புகையோடு சாம்பல் துகளும் பறக்கிறது. கண்ணாடி போட்டவர் தலை திருப்பினால் ஒளி ஒரு கணம் மின்னுகிறது. இவை எல்லாமே ஒரே ஃப்ரேமில் வந்து போகிறவை. எல்லாவற்றையும் தூசி என்று மென்பொருள் எடுத்துவிடும். ஈக்கள் இல்லாத பெல்சன் பொய்யான பெல்சன்.

இதற்குச் சோதனை உண்டு, தவறாமல் செய்ய வேண்டியது. சுத்தம் செய்த ஃப்ரேமை மூல ஃப்ரேமிலிருந்து கழித்து, நீக்கப்பட்டது எதுவோ அதை மட்டும் கறுப்புப் பின்னணியில் முழு ரீலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் புள்ளிகளும் கோடுகளும் சிதறித் தெரிந்தால் சரி. ஒரு கையின் விளிம்பு, நடப்பவரின் கால் நிழல், புகையின் சுருள் என்று ஏதாவது அடையாளம் தெரிகிற உருவம் வந்தால் இயந்திரம் படத்தைத் தின்றிருக்கிறது. அந்த ஷாட்டில் தானியங்கியை நிறுத்தி, கையால் மட்டும் செய்ய வேண்டும். நேரம் பல மடங்கு கூடும். வேறு குறுக்கு வழி கிடையாது. கிரெயினைக் குறைக்கும் வடிகட்டியை இங்கே அறவே தவிர்க்கலாம். மெலிந்த முகங்களின் தோல் மெழுகு பூசியதுபோல் ஆகி, மருத்துவச் சான்றாக இருந்தது பொம்மைபோல் தெரியும்.

பதிவேட்டில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: ரீல் எண், ஷாட் எண், ஃப்ரேம் எண் முதல்-வரை, பழுதின் வகை, செய்தது, செய்தவர், தேதி. ‘சிறு சுத்தம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய வரி ஒரு விசாரணையிலும் நிற்காது.

இல்லாத ரீலை முடிப்பது

ஆறாவது ரீல்தான் இந்தப் பணியின் கனமான பகுதி. அங்கே மீட்க எதுவும் இல்லை, ஏனெனில் அந்த ரீல் தொகுக்கப்பட்ட வடிவில் கைக்கு வரவே இல்லை. இருந்தது ஷாட் பட்டியலும் வர்ணனையும் ஒளிப்பதிவாளர்களின் குறிப்புத் தாள்களும்தான். ஒவ்வொரு சுருளோடும் எடுத்தவர் பெயர், தேதி, இடம், எடுத்தது என்ன என்று நிரப்பி அனுப்பும் தாள் அது. பட்டியலில் உள்ள வரியை எடுத்து, குறிப்புத் தாளோடு ஒப்பிட்டு, 100 ரீலுக்குள் தேடி, ஷாட்டைக் கண்டெடுத்து, அதன் இடத்தில் வைப்பது: இதுதான் வேலை.

எந்த ஷாட் என்று பட்டியல் சொல்லும். எந்த ஃப்ரேமில் நுழைந்து எந்த ஃப்ரேமில் வெளியேறுவது என்பதற்கு வர்ணனையே அளவுகோல். ஆங்கில வர்ணனை விநாடிக்கு இரண்டு முதல் இரண்டரைச் சொல் ஓடும். 20 சொல் கொண்ட வாக்கியத்துக்கு 8 முதல் 10 விநாடி. ஏற்கெனவே தொகுத்த ஐந்து ரீல்களில் வர்ணனை எங்கே மௌனமாகிறது, ஷாட் எவ்வளவு நேரம் தனியே நிற்கிறது என்று அளந்துகொண்டு அதே தாளத்தை ஆறாவதிலும் கடைப்பிடிக்கலாம். அப்படியும் வெட்டும் இடங்கள் 2014-ல் வாழ்ந்தவர்களின் முடிவே. இப்பணியை மீட்டெடுப்பு என்று மட்டும் அழைத்தால் பாதி உண்மை. முதல் ஐந்து ரீல் மீட்டெடுப்பு, ஆறாவது நிறைவு செய்தல். படத்தின் முன் அட்டையிலேயே இந்த இரு சொற்களும் தனித்தனியே இருக்க வேண்டியது அவசியம்.

வர்ணனையும் புதிதாகவே பதிவானது. 1945-ல் குரல் பதிவாகவில்லை. நடிகர் ஜாஸ்பர் பிரிட்டன் மூல உரையை அப்படியே வாசித்தார். பழைய வானொலிக் குரல்போல் பாவனை செய்யவும், மூக்கடைத்த ஒலிபோல் வடிகட்டவும் ஆசை வரும். அது போலிப் பழமை. ஒலியோடு எடுத்த நேர்காணல்களில் 1945-ன் உண்மையான ஒலி இருக்கிறது. பக்கத்தில் புதுக்குரல் புதுக்குரலாகவே கேட்பதுதான் நேர்மை.

தவறென்று தெரிந்தும் திருத்தாதது

வர்ணனை 1945-ன் அறிவோடு எழுதப்பட்டது. அந்த ஆண்டு சோவியத் ஆணையம் ஆஷ்விட்ஸில் 40 லட்சம் பேர் இறந்ததாக அறிவித்தது. பின்வந்த வரலாற்று ஆய்வு நிறுவிய எண்ணிக்கை சுமார் 11 லட்சம். மைடானெக்குக்கு அன்று சொன்னது 15 லட்சம், இன்று ஏற்கப்படுவது ஏறக்குறைய 78,000. எண்களைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் யூதர், அவர்கள் யூதர் என்பதாலேயே கொல்லப்பட்டனர் என்பதை வர்ணனை தெளிவாகச் சொல்வதில்லை. எல்லா நாட்டவரும் துன்பப்பட்டார்கள் என்ற தொனியே மேலோங்கி நிற்கிறது.

இதைத் திருத்தி வாசிக்கச் சொல்வது எளிது. அருங்காட்சியகம் அதைச் செய்யவில்லை. அது சரியான முடிவு. உரையைத் திருத்தினால் 1945-ல் நேச நாடுகளுக்கு என்ன தெரியும், எதைச் சொல்லத் தயங்கின என்ற வரலாறு அழிந்துவிடும். ஒரு வரி திருத்தினால் அடுத்த வரி ஏன் திருத்தவில்லை என்ற கேள்வியும் பிறக்கும். ஆனால் திருத்தாமல் விட்டுவிட்டு மௌனமாக இருப்பதும் தவறு. தவறான எண்ணை வர்ணனை உச்சரிக்கும்போது, சரியான எண் பார்வையாளருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரையின் குறுக்கே எழுத்து ஓட்டக்கூடாது, அது பிம்பத்தைத் தொடும் செயல். கையேட்டில் நேரக்குறியோடு, விருப்பத்தேர்வாக ஒரு தனி சப்டைட்டில் தடத்தில், அறிமுகக் காட்சியில் என்று மூன்று இடம் உண்டு. தனி சப்டைட்டில் தடம்தான் இவற்றில் சிறந்தது. வேண்டாதவர் அணைத்துவிடலாம், மூலப் படம் சேதமின்றி இருக்கும்.

சோவியத் காட்சிகளுக்கு இன்னொரு குறிப்பும் தேவை. ஆஷ்விட்ஸ் 1945 ஜனவரி 27-ல் விடுவிக்கப்பட்டது. அங்கே எடுத்த எல்லாமே அன்று எடுத்தவை அல்ல, சில காட்சிகள் வாரங்கள் கழித்துப் படமாக்கப்பட்டவை. இதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால் மறுப்பாளர் கண்டுபிடித்ததுபோல் சொல்வார்.

அட்டையில் யார் பெயர்

விற்பனைக்கு வரும்போது இந்தப் படத்தை ‘ஹிட்ச்காக்கின் தொலைந்த படம்’ என்று அழைக்க எல்லோருக்கும் ஆசை. பத்திரிகைகள் பலமுறை அப்படியே எழுதியிருக்கின்றன. அவர் இயக்கவில்லை, முகாமுக்குப் போகவில்லை, ஒரு காட்சியும் எடுக்கவில்லை. ஆலோசகராக ஒரு மாதம் பங்களித்தார். அவர் பெயரைப் பெரிதாகப் போட்டால் நாலு பிரதி கூடுதலாக விற்கும், ஆனால் திகில் பட இயக்குநர் செய்த படம் என்ற எண்ணத்தைக் கடையிலேயே விதைத்துவிடும். சான்றாக எடுத்த படத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

அட்டைப் படத்தில் உடல்கள் இருக்கக்கூடாது. திரைக்குள் மறைக்காமல் காட்டியதை அட்டையில் மறைப்பது முரண்பாடு போலத் தோன்றலாம். படத்துக்குள் வர்ணனை உண்டு, இடம் உண்டு, தேதி உண்டு. அலமாரியில் அந்த உடல் வெறும் அதிர்ச்சி. இறந்தவருக்குச் சம்மதம் கேட்க வழியில்லாதபோது, சான்றுக்குத் தேவையான இடத்தில் மட்டும் அவரைக் காட்டுவதுதான் மரியாதை.

சம்மதம் பற்றி இரண்டு அமெரிக்கப் படங்களின் வரலாறு இங்கே உதவும். ஃபிரெடரிக் வைஸ்மன் 1966-ல் பிரிட்ஜ்வாட்டர் மனநலச் சிறையில் எடுத்த ‘டிடிகட் ஃபாலீஸ்’ நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மாசசூசெட்ஸில் பொதுமக்களுக்குக் காட்டத் தடைசெய்யப்பட்டு, 1991-ல்தான் விடுபட்டது. அங்கே மேம்பாடுகள் நடந்துள்ளதாக ஒரு விளக்கம் சேர்க்க வேண்டுமென்ற நீதிமன்ற ஆணையின் வாசகம் இன்றும் படத்தின் முடிவில் நிற்கிறது. தணிக்கையின் தழும்பும் படத்தின் பகுதியாகிவிட்டது, அதை மீட்பவர் வெட்டி எறியக்கூடாது. ஜான் ஹியூஸ்டன் போரில் மனம் உடைந்த வீரர்களைப் பற்றி ராணுவத்துக்காக எடுத்த ‘லெட் தேர் பி லைட்’ 1946-ல் தடுக்கப்பட்டு 1980 முடிவில்தான் வெளிவந்தது. புழக்கத்தில் இருந்த பிரதிகளில் வீரர்கள் முணுமுணுப்பது விளங்காது. 2012-ல் மீட்டெடுத்தபோது முதன்மை உழைப்பு ஒலியில்தான் போனது. மனநோயாளி தயங்கித் தயங்கிப் பேசும் படத்தில் ஒலி விளங்கவில்லையென்றால் படமே இல்லை.

வீட்டில் அறிமுகம் செய்ய ஆள் இல்லை

அருங்காட்சியகம் இந்தப் படத்தைத் திரையிடும்போது அறிமுகமும் பின்னுரையும் சேர்த்தே காட்டி வந்தது. வீட்டில் அந்த ஆள் இல்லை. பார்ப்பவர் நிறுத்துவார், தாவுவார், ஒரு நிமிடத் துண்டை வெட்டிப் பகிர்வார். ப்ளூரே, டிவிடி தட்டின் வடிவமைப்பே அந்த ஆளின் வேலையைச் செய்ய வேண்டும்.

‘படத்தைப் பார்’ என்று அழுத்தினால் முதலில் ஐந்து நிமிடத்துக்கு மிகாத அறிமுகம் ஓடட்டும். தாண்டிப்போக முடியாதபடி பூட்ட வேண்டாம். ஆசிரியர் வகுப்புக்காகப் பத்தாவது தடவை போடும்போது பூட்டு எரிச்சலையே தரும். முகப்புப் பட்டியலில் காட்சித் துண்டு சுழன்று ஓடவே கூடாது. பெரும்பாலான தட்டுகளில் முகப்பு அரை நிமிடத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும். இந்தப் படத்தில் அப்படி வைத்தால், ஒருவர் தேநீர் போட எழுந்துபோன நேரத்தில் ஒரு சவக்குழி முப்பது தடவை திரையில் வந்து போகும். எழுத்து மட்டும் கொண்ட அசையாத, ஒலியில்லாத முகப்பு போதும். அத்தியாயங்களுக்கு முகாமின் பெயரே தலைப்பு, சிறுபடம் வேண்டாம். கையேட்டில் ஒவ்வொரு ஷாட் தொடருக்கும் நேரக்குறி, இடம், தேதி, எந்த நாட்டு ஒளிப்பதிவு என்ற அட்டவணை இருந்தால், வெட்டிப் பகிர்ந்த துண்டையும் யாராவது மூலத்தோடு பொருத்திப் பார்க்க முடியும்.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைக் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின் கீழ் குற்றம், கல்விக்கும் ஆய்வுக்கும் கலைக்கும் விலக்கு உண்டு. பிரிட்டனில் ஆவணப்படங்களுக்குப் பரவலாக இருந்த வயதுத் தர வகைப்பாட்டு விலக்கு 2014 அக்டோபரில் இறுகியது. ‘கல்விப் படம்தானே’ என்று அங்கே சான்றிதழ் இல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிடக்கூடாது.

தட்டின் கணக்கு இது. 70 நிமிடம், விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 1,00,800 ஃப்ரேம். ப்ளூரேயில் படத்துக்கு விநாடிக்கு 35 மெகாபிட் கொடுத்தால் 18.4 ஜிகாபைட் ஆகும். அமுக்காத ஒலி ஒன்றேகால் ஜிகாபைட்டுக்குள். 25 ஜிகாபைட் தட்டில் படம் மட்டும் தாராளமாகக் கொள்ளும், துணைப் பகுதிகள் வந்தால் 50 ஜிகாபைட் தட்டு வேண்டும். துணைப் பகுதிகளை நெருக்கித் திணிப்பதற்காகப் படத்தின் பிட் வீதத்தைக் குறைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கிரெயின்தான் முதலில் உடையும், புகையும் வானமும் கட்டம் கட்டமாகும். உருவ விகிதம் 1.37. எனவே 1,080 கோடு உயரத்தில் அகலம் ஏறக்குறைய 1,480 புள்ளி, இரு பக்கமும் கறுப்பு. அகலத்திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் கால்பங்குக்கு நெருக்கமாகப் படம் போய்விடும்.

ஐரோப்பிய டிவிடியில் விநாடிக்கு 25 ஃப்ரேம். 24-ல் எடுத்த படத்தை அப்படியே ஓட்டினால் 70 நிமிடம் 67 நிமிடம் 12 விநாடியாகும், குரலின் சுருதியும் சுமார் 4 சதவீதம் ஏறும். கையேட்டின் நேரக்குறிகள் ப்ளூரேக்கு எழுதியிருந்தால் டிவிடியில் கடைசி அத்தியாயம் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் தள்ளிப்போகும். இரண்டுக்கும் தனித்தனி நிரல் அச்சிட வேண்டும், அல்லது நேரத்தோடு அத்தியாய எண்ணையும் சேர்க்க வேண்டும். சான்றை மேற்கோள் காட்டுபவர் தவறான ஷாட்டைக் காட்டிவிட்டால் விளைவு சிறியதல்ல.

ஸ்கேன் செய்த மூலக் கோப்புகள் சுத்தம் செய்வதற்கு முந்தைய நிலையிலேயே, ஒன்றும் தொடாமல் இருக்க வேண்டும். 2கே அளவில் 10 பிட் டிபிஎக்ஸ் (ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிக் கோப்பாக வைக்கும் வடிவம்) ஃப்ரேம் ஒன்று 12.75 மெகாபைட், முழுப் படம் 1.3 டெராபைட்டை ஒட்டி வரும். 4கே என்றால் நான்கு மடங்கு, 5 டெராபைட்டைத் தாண்டும். இரண்டு காந்த நாடாப் பிரதிகள், இரண்டு கட்டடங்களில். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண் உருவாக்கி, அதைப் பதிவேட்டோடு சேர்த்து மூன்றாவது இடத்தில் வைக்க வேண்டும். தட்டு வெளிவந்த பிறகு யாராவது ஒரு ஃப்ரேமைக் காட்டி இது மாற்றப்பட்டது என்று சொன்னால், ரீல் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் கேட்டு, மூல ஃப்ரேமையும் பதிவேட்டின் வரியையும் அன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டக்கூடிய நிலையில் காப்பகம் இருக்க வேண்டும்.